தங்கச்சி புடவைக்கடையில மூணு வருசம், சம்பளம் 22 ஆயிரம்தான். கேக்கிறதா, விடுறதா, வெளிநாடு போறதா?

மண்டூர்த் துறை:

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமா எழுதப் போறன், பொறுமையா வாசிச்சுப் பதில் சொல்லுங்க, எங்கட வீட்டுல ஒரு மாசமா இந்தக் கதைதான் ஓடுது.

என்ட தங்கச்சிக்கு 23 வயசு. ஏஎல்ல ஆர்ட்ஸ் மூணு பாடமும் பாஸ், ஆனா கெம்பஸ் போறதுக்கு ரிசல்ட் காணல்ல. கல்முனையில ஒரு புடவைக்கடையில நிக்கிறா, வாற பங்குனி வந்தா மூணு வருசம். வெள்ளாப்புல எழும்பி அம்மாவோட சேர்ந்து சமைச்சு வச்சுட்டு, பாதையில (ஆத்தக் கடக்கிற மிதவைப் படகுல) ஏறி குருமண்வெளிக்கு வந்து, மெயின் ரோட்டுக்குப் போய் பஸ் எடுத்து எட்டரைக்கு முதல் கடையில நிக்கோணும், பிந்தினா சம்பளத்துல வெட்டு. பின்னேரம் ஏழரைக்குத்தான் கடை பூட்டுறது, அதுக்குப் பிறகு ஆக்களுக்கு விரிச்சுக் காட்டின சாரி எல்லாத்தையும் மடிச்சு அடுக்கினாத்தான் வெளிய வரலாம். அந்த நேரம் பாதை ஓடாது, பட்டிருப்புப் பாலத்தால சுத்தித்தான் வரோணும், நான் பைக்ல போய் களுவாஞ்சிக்குடிச் சந்தியில நிண்டு ஏத்திட்டு வருவன், எனக்கு ஏலாத நாள்ல ஆட்டோ பிடிக்கிறா. கிழமையில ஆறு நாளும் இப்பிடித்தான்.

சம்பளம் முதல்ல 18 ஆயிரம் குடுத்தாங்க, போன வருசம் சித்திரையோட 22 ஆக்கினாங்க, அதுக்குப் பிறகு அப்பிடியே நிக்குது. பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்குமே மாசம் அஞ்சு ஆறு போகுது. காசு கவர்ல போட்டு கையில தாறது, துண்டு ஒண்டும் இல்ல. ஆனா ஒரு கொப்பி வச்சு கையெழுத்து வாங்குறாங்களாம், போன மாசம் தங்கச்சி வடிவாப் பாத்திருக்கா, அதுல 30 ஆயிரம் எண்டு எழுதிக் கிடந்ததாம். கேக்கப் பயந்து கையெழுத்தப் போட்டுட்டு வந்து வீட்டுல இருந்து அழுதா. ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) பற்றி இன்னொரு புள்ள கேட்டதுக்கு நீங்க ஒருத்தரும் பெர்மனன்ட் இல்ல, அது உங்களுக்கு இல்ல எண்டு சொல்லிட்டாராம்.

அப்பா கூலிக்குத்தான் போறவர். முந்தி எங்கட பக்கம் வேளாண்மை வெட்டு தொடங்கினா வெட்டுறது, கட்டுறது, சூடு வைக்கிறது, சூடடிக்கிறது எண்டு ஒரு மாசத்துக்குக் குறையாம வேலை இருக்கும், வாடியிலயே படுத்துக் கிடப்பாங்க. இப்ப மெஷின் வந்து இறங்கினா ரெண்டு நாளில வட்டையே (வயல்வெளியே) வெறுந்தரை. போடியாருக்கு (வயல் சொந்தக்காரருக்கு) அது லாபம்தான், நான் குறை சொல்லல்ல, ஆனா அப்பாட அந்த ஒரு மாசக் கூலி போயிட்டுதுதானே. இப்ப வரம்பு கட்ட, மருந்தடிக்க, மூட்டை ஏத்த எண்டு கூப்பிட்டாப் போறார், கூப்பிடாட்டி வீட்டுல. அம்மா எடுத்த குழுக்கடன் ஒண்டு இருக்கு, கிழமைக்குக் கிழமை வந்து நிப்பாங்க.

இப்ப ஊருக்குள்ள ஒரு ஏஜென்சி ஆள் வந்து குவைத்துக்கு ஆள் எடுக்கிறம் எண்டு சொல்லிட்டுப் போயிருக்கான். தங்கச்சி போறன் எண்டு நிக்கிறா. அம்மாவுக்கு விருப்பமில்ல. நான் மெக்கானிக் வேலை பழகிட்டு இருக்கன், என்ட வருமானத்துல வீட்டக் கொண்டுபோக இன்னும் ஒரு வருசம் ரெண்டு வருசம் வேணும். கடையிலயே நிண்டு சம்பளம் கேக்கலாமா, கேட்டா நிப்பாட்டிப் போடுவாங்களா, கார்மென்ட் பக்கம் மாறுறது நல்லமா, அல்லாட்டி வெளிநாடா? அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்க.

பழைய கேஷியர்:

தம்பி, நான் மட்டக்களப்பு டவுன்ல ஒரு ஹாட்வெயார் கடையில ஆறு வருசம் காசு மேசையில இருந்த ஆள். உங்கட தங்கச்சிட கதைய வாசிக்கக்குள்ள என்ட கதைதான், அந்தக் கையெழுத்துக் கொப்பி வரைக்கும் அப்பிடியே. அதால சுத்திவளைக்காமச் சொல்லுறன்.

முதலாவது, 30 ஆயிரம் எண்டு அந்தக் கொப்பியில அவங்க சும்மா எழுதல்ல. 2016ல வந்த தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, 3ஆம் இலக்கச் சட்டம். அப்ப மாசம் 10,000, நாளுக்கு 400. பிறகு 12,500 ஆக்கினாங்க, 2024ல 17,500, 2025 சித்திரை முதலாம் திகதியில இருந்து 27,000, 2026 தை முதலாம் திகதியில இருந்து 30,000, நாள் சம்பளம் எண்டா 1,200. அது ஆம்பிள பொம்பிள பாக்கிறதில்ல. முதலாளிக்கு இந்தச் சட்டம் நல்லாத் தெரியும், தெரிஞ்சபடியாத்தான் கொப்பியில 30 எழுதி வச்சிருக்கார். அப்ப சித்திரையில இருந்து மார்கழி வரைக்கும் 9 மாசம், மாசம் 5,000 படி 45,000 குறைச்சிருக்காங்க. இந்தத் தையும் மாசியும் 8,000 படி 16,000. மொத்தம் 61,000 உங்கட தங்கச்சிட காசு அங்க கிடக்கு. இது கருணையாக் கேக்கிற காசு இல்ல தம்பி, உழைச்ச காசு.

ரெண்டாவது நேரம். எட்டரையில இருந்து ஏழரை வரைக்கும் 11 மணித்தியாலம், சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் கழிச்சா 10, ஆறு நாளைக்கு 60. கடை கந்தோர் ஊழியர் சட்டம் 1954ல இருந்து இருக்கு, அதுல கிழமைக்கு 45 மணித்தியாலம்தான். மிச்சம் 15ம் ஓட்டி, அதாவது மேலதிக நேர வேலை. ஓட்டி கணக்குப் பாக்கிறது இப்பிடி: மாசச் சம்பளத்த 240ஆல பிரிச்சு ஒண்டரையால பெருக்கோணும். 30,000த்த 240ஆல பிரிச்சா 125, ஒண்டரை மடங்கு 187 ரூபா 50 சதம். கிழமைக்கு 15 எண்டா நாலு கிழமைக்கு 60 மணித்தியாலம், 11,250 ரூபா. அதுவும் ஓட்டி கிழமைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல வாங்கவே கூடாது, இவங்க அதையும் தாண்டித்தான் வச்சிருக்காங்க. அப்ப அவட உண்மையான மாசச் சம்பளம் 41,250. இதுல ஈபிஎஃப்க்கு 2,400 கழிச்சாலும் கையில 38,850 வரோணும். 22க்கும் 38க்கும் எவ்வளவு தூரம் எண்டு வீட்டுல இருந்து எல்லாருமாப் பாருங்க. குவைத் ஞாபகம் வந்ததே இந்த இடைவெளியாலதான்.

மூணாவது ஈபிஎஃப். பெர்மனன்ட் இல்லாட்டி ஈபிஎஃப் இல்ல எண்டு சொல்லுறது முழுப் பொய். 1958ஆம் ஆண்டுச் சட்டம், தற்காலிகமோ கெஷுவலோ பயிற்சியோ, வேலைக்கு வந்த முதல் நாளில இருந்து கட்டோணும், கடையில ஒரே ஒரு ஆள் வேலை செஞ்சாலும் கட்டோணும். தொழிலாளியிட்ட 8 வீதம், முதலாளி 12 வீதம், அதுக்கு மேல ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் முழுக்க முதலாளிட கணக்கு. மாசாமாசம் அவர் 8 வீதத்தப் பிடிக்காம விட்டிருந்தா இப்ப வந்து அத தங்கச்சியிட்ட வெட்ட ஏலாது, 20 வீதமும் அவர்தான் கட்டோணும். சராசரியாச் சம்பளம் 20 ஆயிரம் எண்டு வச்சாலும் மாசம் 4,000, மூணு வருசத்துக்கு 144,000, ஈடிஎஃப் 21,600 வேற. பிந்திக் கட்டினா மேலதிகக் கட்டணம் வரும், ஒரு வருசத்தத் தாண்டினா அது பாதி வரைக்கும் போகும். கட்டாம விட்டா லேபர் ஒபிஸ் நீதவான் கோட்டுக்குக் குடுத்து தண்டப் பணம் அறவிடுற மாதிரியே அறவிடும்.

இப்ப செய்ய வேண்டியது. ஒரு கொப்பி எடுத்து இண்டையில இருந்து எத்தின மணிக்குப் போனது, எத்தின மணிக்கு வெளிய வந்தது, எவ்வளவு காசு கிடைச்சது எல்லாம் திகதி போட்டு எழுதச் சொல்லுங்க. காசு வந்த கவர் இருந்தா எறிய வேணாம். கடை வட்ஸ்அப் குறூப்புல நாளைக்கு நேரத்தோட வாங்க எண்டு போட்ட மெசேஜ் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து உங்கட ஃபோனுக்கும் அனுப்பச் சொல்லுங்க. நான் இதெல்லாம் செய்யாமத்தான் வெளிய வந்தன், பிறகு என்ட நேரத்த நிரூபிக்கிறதுக்கு நான் பட்ட பாடு கொஞ்சமில்ல. எனக்கு உதவினது என்ன தெரியுமா, பில் கொப்பி. நான் எழுதின பில்லுல என்ட கையெழுத்தும் திகதியும் இருந்தது, ராவு எட்டு மணிக்குப் போட்ட பில்லுகூட இருந்தது. லேபர் ஒபிஸர் அதத்தான் பிடிச்சார். ஒண்டரை வருசம் இழுத்தது, ஆனா ஈபிஎஃப் முழுக்க வந்தது, அந்தக் காசுலதான் வீட்டுக்கு ஓடு போட்டன்.

சம்மாந்துறை மேசன்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். தங்கச்சிட விசயம் கேஷியர் ராத்தா வடிவாச் சொல்லிட்டாங்க, நான் உங்கட வாப்பாட விசயத்தச் சொல்றன், அத ஆரும் தொடல்ல.

கூலிக்காரனுக்கு ரேட்டு பெரிய பிரச்சின இல்ல தம்பி, நாள்தான் பிரச்சின. எங்கட பக்கம் மேசனுக்குக் கையாளாப் போனா 2,500, 3,000 எண்டு குடுக்காங்க, சட்டத்துல உள்ள 1,200ஐ விட ரெண்டு மடங்குக்கு மேல. ஆனா மாசத்துல எத்தின நாள்? மழைக்காலம் கார்த்திகை மார்கழியில ஒரு கிழமைக்கு ஒரு நாள் கிடைச்சாப் பெரிசு. பத்து நாள் வேலை கிடைச்சவன் பத்து நாள் சல்லிய முப்பது நாளைக்குச் சாப்பிடணும். அதால கூலிக்காரன் ரேட்டுக்கு மல்லுக்கட்டுறத விட, நாளக் கூட்டுற தொழில் ஒண்டு கையில வச்சிரிக்கணும்.

நான் 15 வயசுல கையாளாப் போய் 12 வருசம் கல்லுக் கட்டி பூச்சுப் பூசி எல்லா வேலையும் தெரியும், ஆனா கையில ஒரு துண்டுக் கடதாசி இல்ல, ஓஎல் கூட எழுதல்ல. பெரிய கட்டடக் கொந்தராத்துக்காரன் வந்தா சேர்ட்டிபிகட் இரிக்கா எண்டு கேப்பான், இல்லாட்டி கையாள் ரேட்டுக்குத்தான் எடுப்பான். பொறவு ஒரு பொடியன் சொல்லித்தான் தெரியும், தொழிற்பயிற்சி அதிகார சபையிலயும் நைட்டாவிலயும் (அதுவும் அரசாங்கத் தொழிற்பயிற்சி நிறுவனம்தான்) ஆர்பிஎல் எண்டு ஒண்டு இரிக்கி, முதல்லயே பழகின வேலைக்குச் சேர்ட்டிபிகட் குடுக்கிறது. நீ படிச்ச பள்ளிக்கூடத்தப் பாக்கிறதில்ல, உனக்கு வேலை தெரியுமா எண்டு பாக்கிறது. செஞ்ச வேலையிட ஃபோட்டோ, வேலை செஞ்ச இடத்து ஆள்ட கடிதம் எல்லாம் குடுக்கணும், மதிப்பீட்டாளர் வந்து முன்னால நிண்டு செய்யச் சொல்லிப் பாத்து, வாயாலயும் கேள்வி கேப்பார். எனக்கு என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) லெவல் 3 கிடைச்சிது, ரெண்டு வருசம் கழிச்சு 4ம் எடுத்தன். அந்தக் கடதாசிய வச்சு கட்டாருக்கு மேசனாப் போனன், கூலியாப் போகல்ல, ஒரே கேம்புல கிடந்த கூலிக்காரனுக்கும் எனக்கும் சம்பளத்துல நல்ல வித்தியாசம். திரும்பி வந்து இப்ப நானே சின்னச் சின்ன வீட்டு வேலை எடுத்து நாலு பேர வச்சிச் செய்யிறன்.

உங்களுக்கும்தான் சொல்றன், மெக்கானிக் வேலை பழகிறன் எண்டீங்க, கராஜ்ல நிண்டபடியே அந்தக் கடதாசிய எடுத்துக்கங்க. உங்கட கராஜ் பாஸிட்ட கடிதம் கேளுங்க. வாப்பாவுக்கு வயசு இடம் குடுத்தா ட்ராக்டர், மெஷின் ஓடப் பழகச் சொல்லுங்க. கூலிய எடுத்தது அந்த மெஷின்தான், ஆனா அத ஓட்டுறதுக்கும் ஆள் வேணும், எங்கட சம்மாந்துறையில அறுவடைக்கு ட்ரைவர் தேடி பொலன்னறுவையில இருந்து கூட்டிட்டு வந்த காலமும் இரிக்கி.

செங்கலடிக் கடைக்காரர்:

நான் முதலாளிப் பக்கம். எனக்குச் சின்ன புடவைக்கடை ஒண்டு, மூணு புள்ளயள் நிக்கிறாங்க. கோபப்படாம வாசியுங்க.

2022ல டொலர் ஏறி எல்லாம் ஏறினதுக்குப் பிறகு சனம் புடவை எடுக்கிறது குறைஞ்சு போச்சு, வருசத்துக்கு நாலு உடுப்பு எடுத்த வீடு இப்ப ரெண்டுதான் எடுக்குது. கரண்ட் பில், கடை வாடகை, இதோட ஃபேஸ்புக் லைவ்ல விக்கிறாக்களோடயும் போட்டி. மாசத்துக்கு 30 ஆயிரம், அதுக்கு மேல 15 வீதம் எண்டா ஒரு ஆளுக்கு 34,500 என்ட கையால போகுது, மூணு பேருக்கு ஒரு லட்சத்து மூவாயிரத்து ஐநூறு. சில மாசம் எனக்கே அவ்வளவு மிஞ்சுறதில்ல. இது உண்மை.

ஆனா இன்னொரு உண்மையையும் எழுதுறன். நானும் முந்தி ஈபிஎஃப் கட்டாமத்தான் இருந்தன், எல்லாரும் அப்பிடித்தானே எண்டு. ஒரு நாள் லேபர் ஒபிஸர் வந்து புத்தகம் கேட்டார், என்னட்ட ஒண்டும் இல்ல. நிலுவை எல்லாம் தவணையாக் கட்டி முடிக்க எனக்கு ரெண்டு வருசம் போச்சு, அந்த ரெண்டு வருசமும் நித்திரை இல்ல. மாசாமாசம் கட்டியிருந்தா இவ்வளவு கஷ்டம் வந்திராது. அதுக்குப் பிறகுதான் பாத்தன், முந்தி என்ட கடையில ஒரு புள்ளயும் ஆறு மாசத்துக்கு மேல நிக்கமாட்டா, பழக்கி எடுக்கிறதும் அவ போறதும் அடுத்தவ வாறதுமா இருக்கும். இப்ப நிக்கிற மூணு பேரும் அஞ்சு வருசம், வாற ஆக்கள்ட அளவு விருப்பம் எல்லாம் மனப்பாடம், அவங்க இல்லாட்டி எனக்குக் கடை இல்ல. அத நான் முந்தி கணக்குல எடுக்கல்ல.

தம்பிக்கு ஒரு விசயம், கடைக்காரனாச் சொல்லுறன். கேக்கிறதா இருந்தா இப்பவே கேக்கோணும். நோன்பு தொடங்கிட்டுது, பங்குனியில பெருநாள், சித்திரையில வருசம், கல்முனையில புடவைக்கடைக்கு இதுதான் வருசத்துல பெரிய வியாபாரம். மூணு வருசம் அனுபவமுள்ள புள்ளய இந்த நேரத்துல நிப்பாட்டுறதுக்கு எந்த முதலாளிக்கும் மனம் வராது. வைகாசியில கேட்டா நாளைக்கு வராத எண்டு சொல்லுறது லேசு. தனியவும் கேக்க வேணாம், எல்லாப் புள்ளயளும் சேர்ந்து மரியாதையாக் கேட்டா ஒருத்திய மட்டும் பிடிச்சு வெளிய போட ஏலாது.

பழைய கேஷியர்:

செங்கலடி அண்ணன், நீங்க மனம் திறந்து எழுதினதுக்கு நன்றி. சின்னக் கடைக்குக் கஷ்டம் எண்டுறது எனக்கும் தெரியும், காசு மேசையில இருந்தவள்தானே, எந்த நாள் எவ்வளவு விழுந்த எண்டு நான்தான் எண்ணினன். ஆனா குடுக்க ஏலாட்டி ஏலாது எண்டு சொல்லி நேரத்தக் குறைக்கலாமே. 45 மணித்தியாலத்தோட புள்ளய வீட்டுக்கு விட்டா ஓட்டி குடுக்கத் தேவையே இல்ல. 60 மணித்தியாலம் வேலையும் வேணும், காசும் 22தான் எண்டுறதத்தான் என்னால ஏற்க ஏலாம இருக்கு. அதோட 30 எண்டு எழுதிக் கையெழுத்து வாங்கிறது கஷ்டத்துல செய்யிற வேலை இல்ல.

தம்பி, நிப்பாட்டினா என்ன செய்யுற எண்டு கேட்டீங்க. காரணமில்லாம நிப்பாட்டினா ஆறு மாசத்துக்குள்ள தொழில் நியாயசபைக்குப் போகலாம், கடையில எத்தின பேர் எண்டுறது அங்க பிரச்சின இல்ல. முறைப்பாடு குடுக்கக்குள்ள பேர வெளிய விட வேணாம் எண்டு ஒபிஸர்ட்ட சொல்லலாம், அவங்க பொதுவாப் பரிசோதனைக்கு வாற மாதிரி வந்து எல்லாரையும் தனித்தனியா விசாரிப்பாங்க. அந்தக் கொப்பி விசயத்த அப்பதான் எல்லாருமா ஒரே மாதிரிச் சொல்லோணும், எழுதியிருக்கிறது 30, தாறது 22 எண்டு. நாலு பேர் ஒரே கணக்கச் சொன்னா அந்தக் கொப்பியே அவருக்கு எதிரான சாட்சி.

திருக்கோவில் அக்கா:

குவைத் எண்டு கண்டதும் எழுதாம இருக்க ஏலல்ல. நான் ரெண்டு வருசம் குவைத்துல வீட்டு வேலைக்கு இருந்து வந்தவ. கெட்ட வீடு எண்டு சொல்லமாட்டன், சாப்பாடு தந்தாங்க, அடிக்கல்ல. மாசம் 80 தினார். ஆனா காலையில அஞ்சரைக்கு எழும்பினா ராவு பன்னெண்டு வரைக்கும் நிண்ட நிலை, வெள்ளிக்கிழமை விருந்தாள் வந்தா ரெண்டு மணி. அந்த நேரத்தையும் கேஷியர் அக்கா சொன்ன மாதிரி மணிக்கணக்குல பிரிச்சுப் பாத்தா என்ன வரும் எண்டு நான் இப்பதான் யோசிக்கிறன். முதல் அஞ்சு மாசக் காசு இஞ்ச வீட்டுக் கடனுக்குப் போச்சு, மிச்சத்துல ஒரு அறை கட்டினன், வந்து பாக்கக்குள்ள என்ட மகன் என்னைத் தெரியாத ஆள் மாதிரி அம்மம்மாட சீலைக்குப் பின்னால போய் ஒளிச்சான். அது எனக்கு இண்டைக்கும் மாறல்ல.

போகவே வேணாம் எண்டு நான் சொல்லல்ல, வேற வழியில்லாம எத்தினையோ பேர் போறாங்க. ஆனா ஊருக்குள்ள வந்து ஆள் எடுக்கிறவன நம்பிப் போக வேணாம் தம்பி. ஏஜென்சிட லைசன்ஸ் நம்பர் வாங்கி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துல சரி பாருங்க, 1989க்கு எடுத்துக் கேக்கலாம். விசிட் விசாவுல போ, அங்க போனதும் மாத்தலாம் எண்டு சொன்னா அந்த இடத்துலயே கதவச் சாத்துங்க. பணியகத்துல பதியாமப் போன புள்ளைக்கு அங்க ஒண்டு நடந்தா இஞ்ச கேக்கிறதுக்கு ஆள் இல்ல.

கார்மென்ட் பற்றியும் கேட்டீங்க. என்ட தங்கச்சி ஒண்டுல தைக்கிறா. பஸ் வாசல்ல வந்து ஏத்தும், ஈபிஎஃப் ஈடிஎஃப் ஒழுங்கா விழுது, ஓட்டி துண்டுல எழுதி வரும், அது பெரிய நிம்மதி. ஆனா டாகெட் எண்டு ஒரு மணித்தியாலத்துக்கு இத்தின உருப்படி முடிக்கோணும், தண்ணி குடிக்கக்கூட யோசிக்கிறா, ரெண்டு வருசத்துல தோள்மூட்டு நோவு. வரவுக்காசு எண்டு ஒண்டு தருவாங்க, ஒரு நாள் லீவு எடுத்தா அது வெட்டு, அதால காய்ச்சலோடயும் போறா. கூலி, நேரம், உடம்பு மூணையும் சேத்துத்தான் யோசிக்கோணும் புள்ள.

வாழைச்சேனையான்:

எல்லாரும் சொன்னது சரி, நான் ஒண்டு மட்டும் சேக்கிறன். எங்கட அப்பா வாழைச்சேனைக் கடதாசி ஆலையில வேலை செஞ்சவர். 1950களில தொடங்கின ஆலை, வைக்கோல்ல கடதாசி செஞ்சது, வேளாண்மை வெட்டி முடிய மிஞ்சுற வைக்கோல்ல சனத்துக்கு மாசச் சம்பளம் வந்தது, குவாட்டஸ் இருந்தது, ஈபிஎஃப் இருந்தது, அந்த ஈபிஎஃப்லதான் என்ட அக்காட கலியாணமே நடந்தது. சண்டைக் காலத்துல படுத்தது, பிறகு கொஞ்சமா எழும்பினாலும் பழைய நிலைக்கு வரல்ல. இப்ப அந்த வைக்கோல வயலிலயே எரிக்கிறாங்க.

மட்டக்களப்பும் அம்பாறையும் நெல் விளையுற மாவட்டம், ஆனா வெட்டின நெல்லு லொறியில ஏறி பொலன்னறுவை ஆலைக்குப் போகுது, அரிசியா பேக்கட்டுல திரும்பி வந்து எங்கட கடையில விக்குது. குத்துற கூலி, அவிக்கிற கூலி, பொதி பண்ணுற கூலி, எல்லாம் வேற மாவட்டத்துக்காரனுக்கு. தங்கச்சிக்கு ஊருல கிடைக்கிறது புடவைக்கடை இல்லாட்டி ஃபார்மசி இல்லாட்டி கொம்யூனிகேஷன் (ஃபோன், ஃபோட்டோக் கொப்பிக் கடை), இதுக்குள்ள எத்தின ஏஎல் முடிச்ச புள்ளயள் வரிசையில நிக்குது? நீ போனா பத்துப் பேர் இருக்காங்க எண்டு முதலாளி சொல்லுறதுக்கு அந்த வரிசைதான் தைரியம். சட்டத்தக் காட்டிக் கேக்கோணும், கட்டாயம் கேக்கோணும், ஆனா அதோட சேத்து எங்கட பிரதேச சபைக்காரரிட்டயும் எம்பிமாரிட்டயும் நெல்ல இஞ்சயே அரிசியாக்கிற ஆலையள் ஏன் வருதில்ல எண்டும் கேக்கோணும். ரெண்டு கடை ஆள் தேடி அலையுற ஊருலதான் புள்ள சம்பளம் பேசி வேலைக்குப் போவா.

மண்டூர்த் துறை:

மன்னிக்கோணும், பதில் போடப் பிந்திட்டுது. எல்லாத்தையும் தங்கச்சிக்கு வாசிச்சுக் காட்டினன், கேஷியர் அக்காட கணக்க அவ ஒரு துண்டுல எழுதி எடுத்துக் கொண்டு போனா. கடையில ஏழு புள்ளயள், அதுல நாலு பேர் சேர்ந்தாங்க, மற்ற மூணு பேருக்கும் பயம், அவங்கள ஒண்டும் சொல்ல ஏலாது, ஒருத்திக்கு அப்பா இல்ல.

சனிக்கிழமை கடை பூட்டின பிறகு நாலு பேருமாப் போய்க் கேட்டிருக்காங்க. முதல்ல சத்தம் போட்டாராம், ஆர் சொல்லித் தந்த எண்டு. தங்கச்சி சொல்லியிருக்கா, ஆரும் சொல்லித் தரல்ல அங்கிள், கொப்பியில நீங்கதான் 30 எண்டு எழுதியிருக்கிறீங்க, அதத்தான் கேக்கிறம் எண்டு. அவ அப்பிடிக் கதைப்பா எண்டு நான் நினைச்சே பாக்கல்ல. அதுக்குப் பிறகு ஆள் கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கல்லயாம். திங்கக்கிழமை கூப்பிட்டு இந்த மாசத்துல இருந்து 30 தாறன், பெருநாள் முடியும் வரைக்கும் நிண்டு தாங்க எண்டு சொல்லியிருக்கார். நேத்துச் சம்பளம், கவருக்குள்ள 30 இருந்தது, எண்ணிப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டா. அம்மா அந்தக் கவர சாமித்தட்டுல வச்சிருக்கா.

ஓட்டியும் ஈபிஎஃப்ம் பிறகு பாப்பம் எண்டுட்டாராம். பழைய நிலுவை பற்றி வாயே திறக்கல்ல. குவைத் கதைய தங்கச்சி விட்டுட்டா, அந்த ஏஜென்சிக்காரன்ட லைசன்ஸ் நம்பர் கேட்டு ஃபோன் எடுத்தன், அதுக்குப் பிறகு ஆள் எங்கட பக்கம் வரல்ல. நான் கராஜ்ல பாஸிட்ட கடிதம் கேட்டிருக்கன், தாறன் எண்டவர்.

நாலு பேரும் கதைச்சு முடிவெடுத்திருக்காங்க, பெருநாள் வரைக்கும் நேரக் கொப்பி எழுதுறது, ஒவ்வொருத்தரும் தனித்தனியா, ஒருத்தர்ட மற்றவ பாக்காம. பெருநாள் லீவு முடிஞ்சு வாற திங்கக்கிழமை லேபர் ஒபிஸ் போறது. நானும் கூடப் போறன், முதல் பாதையிலயே. அக்கா, என்னென்ன கொண்டு போகோணும்?

பழைய கேஷியர்:

அடையாள அட்டை நாலு பேர்டதும், அதுட ஃபோட்டோக் கொப்பியும். கடைட சரியான பேர், விலாசம், முதலாளிட முழுப் பேர், பில்லுல இருந்து அப்பிடியே எழுதுங்க, ஒரு பில்லையும் கொண்டு போங்க. வேலைக்குச் சேந்த திகதி, ஒவ்வொரு மாசமும் கிடைச்ச சம்பளம், சம்பளம் கூட்டின மாசம். நேரக் கொப்பிட ஃபோட்டோக் கொப்பி, அசல குடுக்க வேணாம், காட்டிட்டு வாங்கிக் கொண்டு வாங்க. முறைப்பாட்டக் கையால எழுதி ரெண்டு பிரதி எடுத்து, ஒண்டுல அவங்கட சீல் அடிச்சு வாங்குங்க, இத மட்டும் மறந்திராதீங்க, ஃபைல் நம்பர் இல்லாமத் திரும்பி வந்தா அடுத்த முறை போகக்குள்ள முதல்ல இருந்து கதை சொல்லோணும். தங்கச்சிக்குத் தண்ணிப் போத்தலும் சாப்பாடும் கட்டிக் கொண்டு போங்க, பகல் முழுக்க இருக்க வேண்டி வரும். போயிட்டு வந்து எழுதுங்க, பாத்துட்டே இருப்பன்.